மூன்று ஸ்வரம் போதும், ஒரு மாதத்துக்கு

கேள்வி: நான் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒன்பது வயதிலிருந்து பாட்டும் கற்றுக்கொள்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. வகுப்பில் 'படைப்பாற்றல்' பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான், எனக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லையோ என்று பயம் வந்தது. கீர்த்தனை என்றால் சங்கதி பிசகாமல், சொல்லித்தந்த வரி மாறுபாடுகளை அப்படியே பாடுவேன். ராகத்தை நானாக விரித்துப் பாட வேண்டிய ஆலாபனை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் யூடியூபில் கேட்டதுதான். குரலில் வேகமாகப் புரளும் பிருகாவும் வராது. ஓவியத்திலும் அப்படியே. பார்த்து வரைவது நன்றாக வரும், வெள்ளைத் தாளைக் கொடுத்து மனசில் இருப்பதை வரை என்றால் கை ஓடாது. கல்லூரியில் 'உனக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடி' என்கிறார்கள். பாட்டு டீச்சர் 'பாடாந்தரத்தை மாற்றாதே', சொல்லித்தந்தபடியே பாடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? என் பாட்டி தினமும் வாசலில் கோலம் போடுகிறார், ஒரு நாள்கூட யோசித்து நின்றதில்லை. அவருக்கு இருப்பது எனக்கு ஏன் இல்லை? இப்போது ஆப்பில் ஒரு வரி தட்டினால் படம் வந்துவிடுகிறது, நான் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றும் தோன்றுகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிடட்டுமா?

— ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதையும் விட வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேலாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன். ஓவியம் எனக்குக் கையில் வந்ததில்லை. அதைப் பற்றி நான் பேசுவதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் பேச்சு. அதனால் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. போன வாரம் எத்தனை மணி நேரம் சாதகம் செய்தீர்கள்? ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வரிசைகளுக்கு எவ்வளவு, வர்ணத்துக்கு எவ்வளவு, கீர்த்தனைக்கு எவ்வளவு, ஆலாபனைக்கு எவ்வளவு? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால், கடைசியில் வரும்போது மௌனமாகிவிடுவார்கள். தொடக்கப் பயிற்சியான ஸரளி வரிசையை மூன்று காலத்தில் ஆயிரம் தடவை பாடியிருப்பார்கள். ஆலாபனை மட்டும் மேடை ஏறினால் தானாக வந்துவிடும் என்று நம்புவார்கள். அந்த நேரத்துக்குத் தோன்றியதைப் பாடுவதற்கு மனோதர்மம் என்று நாம் வைத்திருக்கிற பெயரால் வந்த குழப்பமாகக்கூட இருக்கலாம். மனசிலிருந்து வருகிற சமாசாரம், அதற்கு எதற்குப் பயிற்சி என்று. உங்கள் பாட்டுக்குப் பதினோரு வயது. உங்கள் ஆலாபனைக்கு என்ன வயது? உட்கார்ந்து பாடிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தேறுமா? ஆறு மாதக் குழந்தை இரண்டு நிமிடம் நிற்கிறது என்றால் அதுவே பெரிய காரியம்.

எனக்கும் இந்தக் கதைதான் நடந்தது. 1986. பத்தொன்பது வயது. பெரிய வித்வான் ஒருவர் பாடிய கல்யாணி ராகம் கேசட்டில் கிடைத்தது. ரீவைண்ட் செய்து செய்து, நாடா முறுக்கிக்கொண்டு பென்சிலை விட்டுச் சுற்றி, கடைசியில் பதினான்கு நிமிட ஆலாபனையை அப்படியே நெட்டுருப் போட்டேன். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் மூச்சு வாங்குவேன். ஒரு நாள் என் குருவிடம் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்குடா. ஆனா இது அவர் வீட்டுச் சமையல். உன் வீட்டு அடுப்பை எப்போ பத்த வைக்கப் போறே?" என்றார்.

திட்டு அதோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு மாதத்துக்குக் கல்யாணியில் க, ம, ப (காந்தாரம், மத்யமம், பஞ்சமம்) மூன்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. தினம் பதினைந்து நிமிடம், சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு. ஸட்ஜத்துக்குக்கூட இறங்கக் கூடாது.

முதல் நாள் ஒன்றரை நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரம் பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் எரிச்சல். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வேறு வழியில்லாமல், காந்தாரத்திலேயே நின்றேன். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று பார்த்தேன். கல்யாணியின் மத்யமம் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு அசைகிற ஒன்று. அந்த அசைவை இரண்டாகக் குறைத்தால் என்ன ஆகிறது, நாலாகக் கூட்டினால் என்ன ஆகிறது? பஞ்சமத்துக்குப் போகிற மாதிரி போய், போகாமல் காந்தாரத்துக்குத் திரும்பினேன். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த குரு "ம்" என்றார். அவ்வளவுதான். பதினான்கு நிமிட நகலுக்குக் கிடைக்காத அந்த "ம்", மூன்று ஸ்வரத்துக்குக் கிடைத்தது.

உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதேதான். ராகம் உங்கள் இஷ்டம். மூன்று ஸ்வரம், ஒரு மாதம், தினம் பதினைந்து நிமிடம். வெள்ளைத் தாள் முன்னால் கை ஓடாததற்கும் மருந்து இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 'மனசில் இருப்பதை வரை' என்பது ஏழு ஸ்வரத்தையும் மூன்று ஸ்தாயியையும் ஒரேயடியாகக் கையில் கொடுத்துவிட்டு 'எதையாவது பாடு' என்பது போல. யாருக்கானாலும் தொண்டை அடைக்கும். அதைவிட, உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் குடம் மட்டும். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், காந்தியை மட்டுமே வரிசையாகக் கோட்டோவியமாக வரைந்தார். அதே முகம், அதே கண்ணாடி, அதே தடி. அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பேனா வேறு வேகத்தில் ஓடியிருப்பது தெரியும். வண்ணங்களும் அரூப ஓவியங்களும் அவரிடம் அதற்குப் பிறகுதான் வந்தன.

ஸ்வரம் போடுவதிலும், அதாவது பாட்டு வரிக்குத் திரும்பி வரும்படி ஸ்வரங்களை அப்போதைக்குக் கோத்துப் பாடுவதிலும், இதை நான் ஒரு கணக்கு வைத்துக் காட்டுவது வழக்கம். தாளம் போட்டுக்கொண்டே படியுங்கள். ஆதி தாளம், ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 என்று 32 மாத்திரை. நீங்கள் பாடுவது மோகன ராகம் என்றும், பல்லவி சமத்தில், சுற்றின் தொடக்கத்திலேயே, காந்தாரத்தில் எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பகுதியான லகுவின் நாலு அட்சரமும் முடிந்து முதல் த்ருதத்தின் தட்டு விழும்போது மீதி இருப்பது 16 மாத்திரை. 'த ப க ரி' என்று நாலு. பிறகு இரண்டு மாத்திரை கார்வை, அதாவது நீட்டி நிற்கும் இடைவெளி. மறுபடி 'த ப க ரி', மறுபடி இரண்டு, மூன்றாவது தடவை 'த ப க ரி'. நாலும் இரண்டும் நாலும் இரண்டும் நாலும் பதினாறு. பல்லவியின் காந்தாரத்தில் கச்சிதமாக வந்து இறங்கிவிடுவீர்கள். இதை யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இப்போது அதே 16-ல் கார்வையை எடுத்துவிட்டு, துண்டுகளை 4, 5, 6 என்று வளர்த்துப் பாருங்கள். கூட்டினால் 15தான் வருகிறது. ஒரு மாத்திரை உதைக்கிறது. அந்த ஒன்றை எங்கே வைப்பீர்கள்? தட்டு விழுந்ததும் ஒரு மாத்திரை சும்மா இருந்துவிட்டு எடுக்கலாம். முதல் துண்டுக்குப் பிறகு மூச்சாக விடலாம். கடைசித் துண்டில் ஒரு ஸ்வரத்தை இழுத்து ஆறை ஏழாக்கலாம். ஒவ்வொன்றும் காதுக்கு வேறு மாதிரி இருக்கும். ஒன்று அடக்கம், ஒன்று குறும்பு, இன்னொன்று கொஞ்சம் கனம். எது சரி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படைப்பாற்றல் என்று நீங்கள் நாலு பக்கம் எழுத வேண்டிய விஷயத்தை நான் இந்த ஒரு மாத்திரைக்குள் பார்க்கிறேன். மிச்ச 15 மாத்திரையும் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கொடுத்தது.

யூடியூபில் கேட்டது உங்கள் ஆலாபனையில் வருகிறதே, அது திருட்டா என்ற உறுத்தல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இல்லை. கேட்காமல் யாருக்கும் ராகம் வராது. நம் சங்கீதத்தில் மிகத் துணிச்சலாக நகல் எடுத்தவர் என்று கேட்டால் நான் முத்துசுவாமி தீட்சிதரைச் சொல்வேன். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளை அந்தக் குடும்பம் கேட்டது. அந்த மெட்டுகளை எடுத்து, சங்கராபரண ஸ்வரங்களில், சமஸ்கிருதத்தில் சாகித்யம் வைத்தார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம்; முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. அது அம்பாள் பேரில் ஒரு பாட்டாக மாறி உட்கார்ந்திருக்கிறது! அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அதே பெட்டி, அதே நாலு தந்தி. நம்மிடம் வந்த பிறகு சுருதி கூட்டுவது ஸ ப ஸ ப என்று ஆனது, நின்றுகொண்டு தாடையில் இடுக்கிய வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றிக்கொண்டோம், ஸ்வரத்தை அசைக்கிற கமகம் நுழைந்தது. இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி நமக்கு வெறிச்சென்று இருக்கிறது.

அதனால் கேட்டதைப் பாடுங்கள், தாராளமாக. ஒரே ஒரு நிபந்தனை. ஒரு பிடி, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துண்டு, உங்களுக்குப் பிடித்தால் அதைக் கேட்டு நோட்டில் ஸ்வரப்படுத்துங்கள். அப்புறம் உங்களையே கேளுங்கள்: அவர் ஏன் அங்கே நிஷாதத்தில் நின்றார்? நிற்காமல் போயிருந்தால் என்ன கெட்டுவிடும்? ஓவியத்தில் பார்த்து வரையும்போது நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள், தெரியாமலேயே. எந்த நிழலை விடுவது, எந்தக் கோட்டை அழுத்துவது என்று முடிவு செய்யாமல் எதையும் பார்த்து வரைய முடியாது. அது உங்களுக்கு நன்றாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒரு குறையைச் சொல்வது போல.

டீச்சர் ஒன்று சொல்கிறார், கல்லூரி ஒன்று சொல்கிறது என்கிறீர்களே. எனக்கு டீச்சர் பக்கம்தான் சாய்வு, நான் அந்த ஜாதி என்பதால். பாடாந்தரம் என்பது நீங்கள் நிற்கிற தரை. கீர்த்தனையின் சங்கதியைக் கற்றபடி பாடுங்கள். அதே கீர்த்தனையில், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு ஒரு வரி கிடைக்கிறது, ஸ்வரத்துக்கு ஓர் எடுப்பு கிடைக்கிறது. அங்கே யார் உங்களைக் கட்டிப்போட்டார்கள்? ஆனால் மாணவர் சங்கதிக்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்தாலே முகம் சுளிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நானே சில வருடம் அப்படி இருந்தேன்.

கல்லூரி சொல்வதில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. இரண்டாம் ஆண்டு மாணவியிடம் பாணியைக் கண்டுபிடி என்பது எனக்கு ஒப்பவில்லை. கே.சி.எஸ்.பணிக்கர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். இன்று பணிக்கர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிற, எழுத்தும் எண்ணும் ஜாதகக் கட்டமும் நிறைந்த அந்த ஓவியங்களை அவர் தொடங்கியது 1963-ல். பிறந்தது 1911. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் நிலக்காட்சியும் மனித உருவமுமாக எத்தனையோ வரைந்திருந்தார். சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் அந்த இடத்தை நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கை, ஓவியத்துக்கு ஒரு கை.

பிருகா வராதது பற்றி. குரல் புரளாதது ஒரு குறை என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாவைக் கேட்டுவிட்டு, இன்னொரு பாடகர் எம்.டி.ராமநாதனைக் கேளுங்கள். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். கனத்த குரல், தாழ்ந்த சுருதி, ஆடி அசைந்து வரும் காலப்பிரமாணம். ஜி.என்.பி. மாதிரி பாட முயன்று தோற்றவர் என்று அவரைக் கேட்கிற யாருக்காவது தோன்றுமா? அந்தக் குரல் எதைச் செய்யுமோ அதை முழுசாகச் செய்தார். பாணி என்று பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். உங்கள் குரல் மெதுவாகப் போகிறது என்றால் விளம்பத்தில் பாடிப் பழகுங்கள். பிருகாவுக்கு, 'ஆ' என்றே ஸ்வரங்களைப் பாடும் அகார சாதகம் தொடரட்டும், வந்தவரை லாபம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. நீங்கள் பாடும்போதே உங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 'இது யூடியூபில் வந்தது', 'இது பழசு', 'இது சரியாக விழவில்லை' என்று. ஒரே ஆள் சமைத்துக்கொண்டே குறையும் சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பில் எது வேகும்? 2008-ல் அமெரிக்காவில் சார்லஸ் லிம், ஆலன் பிரான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, ஒரு சின்னக் கீபோர்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை வாசித்தபோது ஒரு மாதிரி. அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசித்தபோது, தன்னைத் தானே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புடைய மூளையின் முன்பகுதிகள் சில அடங்கிப்போயிருந்தன. ஆறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் கச்சேரி மேடையில் உட்கார்ந்த எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல.

ஆகவே பாடும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் போனில் பதிவு செய்யுங்கள், அன்றைக்கே கேட்காதீர்கள். மறுநாள் காலையில், பல் தேய்த்துக் காபி குடித்துவிட்டு, நோட்டும் கையுமாகக் கேளுங்கள். அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். ஸ்கெட்ச் புக்கோடு வெளியே போகும்போது ரப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் பேனாவில் வரையுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது. பஸ் ஏறிப் போய் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தென்னை ஓலையைக் கீறி, சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். உத்தம தசதாலம் என்கிற அளவு முறை என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. முகம் எத்தனை, மார்பு எத்தனை என்று எல்லாம் வரையறுத்ததுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு அச்சை உடைத்தாக வேண்டும், அதனால் ஒரு சிலைக்கு ஒரு மெழுகு, ஒரு அச்சு. அடுத்த நடராஜருக்கு மறுபடி முதலிலிருந்து. இத்தனை விதிக்குள் வேலை செய்கிற மனிதர் மெழுகில் உதட்டோரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துகிற அந்த விநாடியைப் பாருங்கள். முகத்தின் நீளத்தைத் தாலமானம் என்கிற அந்த அளவுக் கணக்கு சொல்லிவிடும். சிரிப்பு எவ்வளவு என்று சொல்லாது. டீச்சருக்கும் கல்லூரிக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிற வழக்கை அங்கே அவர் தினமும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

பாட்டிக்கு வருவோம். அவர் யோசிப்பதே இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஊடுபுள்ளி வைத்து ஏழுக்கு நாலு கோலம் என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளி. புள்ளியைச் சுற்றி வளைந்து போகிற சிக்குக் கோடு எங்கும் அறுபடாமல், விட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வாசல் சாய்வாக இருக்கும், முந்தின நாள் மாவுத் தடம் இருக்கும், பால்காரர் சைக்கிள் வரும். அறுபது வருடமாக இந்தக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருக்கிறவருக்கு நின்று யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கோலங்களுக்குக் கணினி அறிவியல் வழியில் இலக்கணம் எழுதினார்கள். பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்தப் புள்ளியிலிருந்து கோட்டைத் தொடங்குகிறார், தப்பு விழுந்தால் என்ன செய்கிறார்? என் அம்மா தப்பை அழிக்க மாட்டார். அந்த இடத்தில் ஒரு பூவை வைத்து, எதிர்ப் பக்கத்திலும் அதே பூவை வைத்துவிடுவார். கோலம் அப்படித்தான் என்று தெரு முழுக்க நம்பும்.

வாழ்க்கையிலும் இது வருமா என்று உங்கள் கட்டுரையில் நிச்சயம் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி, எனக்கு இருபத்தாறு வயது. தோடி ஆலாபனை நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் போனது, விளக்குப் போனது, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் ஊமையாகிவிட்டது. இருட்டில் சுருதி இல்லாமல் வாயைத் திறக்கப் பயந்து நிறுத்திவிட்டேன். பக்கத்தில் மிருதங்கம் வாசித்தவர் வயசாளி. ஒரு வார்த்தை பேசவில்லை. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் ஒற்றை விரலால் மெதுவாக, இடைவெளி விட்டு, மீட்டு மீட்டு என்று தட்ட ஆரம்பித்தார். வலந்தலை ஆதார ஸட்ஜத்துக்குச் சேர்த்திருப்பதல்லவா? அது போதுமாக இருந்தது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் பாடினேன். பின்னால் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கரண்ட் வர இருபது நிமிடம் ஆனது. அவர் அன்று வாசித்த தனி ஆவர்த்தனம் எனக்கு ஞாபகம் இல்லை.

ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது படம் தரட்டும். காலண்டருக்கும் விளம்பரத்துக்கும் வரைந்து பிழைத்தவர்களுக்கு அதனால் நிஜமாகவே அடி விழுகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு முடிந்து வேலை தேடும்போது உங்களுக்கும் அது ஒரு விஷயமாக இருக்கும். ஆனால் குடத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பது அந்தப் பேச்சோடு சேராத தனி விவகாரம். ரேடியோ வந்தது, கேசட் வந்தது, யூடியூபும் வந்தது. விடியற்காலை அகார சாதகத்தை எனக்காக யாரும் செய்து தரவில்லை.

கடைசியாக, இரண்டையும் ஏன் வைத்துக்கொள்ளச் சொன்னேன்? ஒன்றில் புரியாதது இன்னொன்றில் புரிந்துவிடும். தாளில் எதையும் வரையாமல் விடுகிற வெள்ளை இடமும், பாட்டில் கார்வையும் ஒன்றுதான் என்று, ஓவியமும் படித்த என் பாட்டு மாணவன் ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகுதான் நான் கார்வையைச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டேன். வீணை எஸ்.பாலசந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். வீணையைத் தாமாகவே கற்றவர். சினிமாவும் எடுத்தார். பாட்டுகள் இல்லாமல் படமே கிடையாது என்றிருந்த 1954-ல், ஒரு பாட்டுக்கூட இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவர் இந்தச் சங்கீதக்காரர்தான். பாட்டு எங்கே வேண்டாம் என்பது பாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

டீச்சரிடம் ஒரு உதவி கேளுங்கள். வாரத்தில் பத்து நிமிடம், அவர் ஒரு பிடி பாட வேண்டும், நீங்கள் அதற்குப் பதில் பாட வேண்டும். நோட்டுப் புத்தகம் மூடியிருக்க வேண்டும். 'இதெல்லாம் இப்போ எதுக்கு' என்று முதலில் சொல்லக்கூடும். அடம் பிடிக்காமல் இன்னொரு நாள் கேளுங்கள். அன்றைக்குக் கடைசி வகுப்பு உங்களுடையதாக இருந்தால் நல்லது. அடுத்த மாணவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருக்க மாட்டார்.